நரம்பு வலியும் மனச்சோர்வு மாத்திரையும்



வலியைப் பற்றிப் பேசுவதற்கு எனக்குள்ள தகுதி ஒன்றே ஒன்றுதான்: ஏழெட்டு ஆண்டுகளாக அதனோடு குடித்தனம் செய்து வருகிறேன். நான் மருத்துவன் அல்லேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், அபிராமபுரத்தில் குடியிருப்பவன், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீரிழிவு உடையவன்.

இவ்வுரையில் நான் கூறப்போவது, என் கால்களுக்கு வந்த எரிச்சலையும், அதற்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையையும், அம்மாத்திரையை விழுங்குவதா வேண்டாமா என்று நான் போட்ட கணக்கையும் பற்றியது. மனச்சோர்வுக்கென்று கண்டறியப்பட்ட மருந்து கால் எரிச்சலுக்கு எப்படி மருந்தாயிற்று என்பதும், அதனால் விளையும் நன்மை எவ்வளவு, தொல்லை எவ்வளவு என்பதும் பலரும் அறிந்துகொள்ள வேண்டியவை. ஏனெனில், என்னைப் போன்றவர்கள் இந்நகரத்தில் தெருவுக்குப் பலர் இருக்கிறார்கள்.

அபிராமபுரத்திலிருந்து மயிலைக் கபாலீசுவரர் கோயில் நடந்து செல்லும் தொலைவுதான். பங்குனிப் பெருவிழாவில் அறுபத்து மூவர் உலாவைத் தவறவிடுவது எங்கள் வீட்டு வழக்கம் அன்று. 2018ஆம் ஆண்டு விழாவன்று பிற்பகல் வெயிலில், தார் போட்ட மாடவீதியில், வெறுங்காலோடு இரண்டு மணி நேரம் நின்றேன். சுற்றி நின்றவர்கள் சூடு தாங்காமல் கால் மாற்றிக் கால் வைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஊற்றிய இடமாகப் பார்த்து ஓடினார்கள். எனக்கோ ஒன்றும் தெரியவில்லை. இறைவன் அருள் என்று உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டேன். மாலையில் வீடு திரும்பிக் கால் கழுவியபோது என் மனைவிதான் கண்டு அலறினாள். இரண்டு உள்ளங்கால்களிலும் எலுமிச்சம்பழ அளவில் கொப்புளங்கள் எழும்பியிருந்தன.

வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பல மாதங்களுக்கு முன்பிருந்தே இரவு நேரங்களில் என் கால்கள் எரிந்து வந்தன. தரை சில்லென்றிருக்கும்; மின்விசிறி சுழலும்; என் உள்ளங்கால்கள் மட்டும் தணல்மேல் வைத்தாற்போல் எரியும். போர்வையின் நுனி பட்டாலும் ஊசி குத்தும். தீச்சூடு பட்டபோது தெரியாத கால், தீயே இல்லாத இடத்தில் எரிகிறது. இஃது என்ன புதிர் என்று மருத்துவரிடம் போய் நின்றேன்.

அவர் மெல்லிய நைலான் இழை ஒன்றை என் உள்ளங்காலில் பத்து இடங்களில் அழுத்தி, “தெரிகிறதா, ஐயா?” என்று கேட்டார். ஆறு இடங்களில் தெரியவில்லை. நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவை ஒன்றைத் தட்டிக் கால் பெருவிரலில் வைத்தார். அதிர்வு தெரியவில்லை. பிறகு அவர் விளக்கியதை என் சொற்களில் கூறுகிறேன்.

நம் உடலில் மிக நீண்ட நரம்புகள் இடுப்பிலிருந்து கால்விரல் வரை ஓடுபவை. இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்து நின்றால், நரம்பிழைகளும் அவற்றுக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் சிறிது சிறிதாகக் கெடுகின்றன. நீளமான நரம்பே முதலில் கெடுவதால், தொல்லை கால்விரலில் தொடங்கிக் காலுறை போட்ட அளவுக்கு மேலேறுகிறது. கெட்ட இழை, வெளியிலிருந்து வரும் செய்தியை மூளைக்குக் கொண்டு செல்வதில்லை. ஆகவே சூடு தெரியவில்லை. அதே இழை, யாரும் அனுப்பாத செய்தியைத் தானே உண்டாக்கி மூளைக்கு அனுப்புகிறது, ஆகவே எரிகிறது. தந்திக் கம்பி பழுதானால் வர வேண்டிய தந்தி வராது. வராத தந்திக்கு மணி மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். நரம்பு வலி என்பது இதுதான். காயம்பட்ட இடத்தில் தோன்றும் வலி வேறு. செய்தி கொண்டு செல்லும் கம்பியே பழுதாகித் தோன்றும் இவ்வலி வேறு. சாதாரண வலி மாத்திரைகள் இதற்கு அவ்வளவாகப் பயன்படாமைக்குக் காரணமும் இதுவே.

கால் எரிச்சல் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1826ஆம் ஆண்டிலேயே கிரியர்சன் என்ற மருத்துவர் இந்நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் இதனை ஆழ்ந்து ஆராய்ந்தவர் நம் சேலத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற சி. கோபாலன். குன்னூர் உணவாராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய அவர், 1946ஆம் ஆண்டில் கால் எரிச்சல் நோயைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அதனால் இந்நோயைக் கிரியர்சன்–கோபாலன் நோய் என்றே மருத்துவ நூல்கள் குறிக்கின்றன. அவர் கண்ட நோயாளிகள் ஏழைகள். போதிய சத்துணவின்றி, வைட்டமின் குறைவால் கால் எரிந்தவர்கள். இன்று நம் நகரத்தில் கால் எரிவோர் பெரும்பாலும் நீரிழிவுக்காரர்கள். அன்று உணவின் குறைவால் வந்தது, இன்று சர்க்கரையின் மிகுதியால் வருகிறது.

சென்னைக்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவும் பழையதே. மருத்துவர் எம். விசுவநாதன் 1948ஆம் ஆண்டிலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். பின்னர் ராயபுரத்தில் அதற்கெனத் தனி மருத்துவமனையும் கண்டார். அன்று அதனைப் பணக்காரர் நோய் என்றார்கள். 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உடையவர்கள் என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். சென்னையில் நடந்த ஆய்வொன்றில், நீரிழிவுடையோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு நரம்புக் கேடு இருந்தது. அவர்கள் எல்லாருக்கும் வலி இருப்பதில்லை. வலியுடையவர்கள் மட்டும் இரவில் விழித்திருக்கிறார்கள்.

நானும் விழித்திருந்தேன். வீட்டு வைத்தியங்கள் எல்லாம் நடந்தன. விளக்கெண்ணெய் தடவினேன், மருதாணி அரைத்துப் பூசினேன், வாளித் தண்ணீரில் கால்களை ஊறவைத்தேன். இவற்றுள் கடைசியானது தீங்கு என்பதைப் பிறகுதான் அறிந்தேன். உணர்ச்சியற்ற காலை ஊறவைத்தால் தோல் நொய்ந்து வெடித்து, புண்ணுக்கு வழி உண்டாகும். ‘நரம்பு ஊசி’ என்று வழங்கும் வைட்டமின் ஊசியும் பத்துப் போட்டுக்கொண்டேன். உண்மையில் வைட்டமின் பி–12 குறைவாக இருந்தால் அந்த ஊசி நல்ல மருந்துதான். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல்லாண்டு உண்பவர்களுக்கும், புலால் உண்ணாதவர்களுக்கும் அக்குறைவு வரக்கூடும். இரத்தச் சோதனையில் அது தெரிந்துவிடும். எனக்குச் சோதித்தபோது குறைவில்லை. ஆகவே, பத்து ஊசியும் எனக்கு வீண்.

அதன் பிறகுதான் மருத்துவர் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையை எழுதினார். பத்து மில்லிகிராம், இரவு உணவுக்குப்பின் ஒன்று.

சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குச் சென்றேன். கடைப் பையன் அதைப் பார்த்துவிட்டு, “சார், இது மனசு சரியில்லாதவர்களுக்குக் கொடுக்கிற மாத்திரை ஆயிற்றே; வீட்டில் யாருக்கு?” என்று கேட்டான். நல்லெண்ணத்தோடுதான் கேட்டான். ஆனால் எனக்குப் பின்னால் என் பழைய மாணவர் ஒருவர் நின்றிருந்தார். “உறவினர் ஒருவருக்கு” என்று பொய் சொல்லிவிட்டு வாங்கி வந்தேன். அப்பொட்டலத்தை அலமாரியில் கணக்குப் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினேன். பத்து நாள் தொடவில்லை. என் வலியை மருத்துவர் நம்பவில்லை, எல்லாம் மனத்தின் கற்பனை என்று முடிவு கட்டிவிட்டார் என்றே எண்ணி வருந்தினேன்.

பத்தாம் நாள் இரவு இரண்டு மணிக்கு நான் கூடத்தில் உலவிக்கொண்டிருந்ததைக் கண்ட என் மனைவி, “மாத்திரை சாப்பிட்டுமா இப்படி?” என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். மறுநாள் அவளே என்னை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, “இவருக்குப் பைத்தியம் என்று நினைத்தா இதை எழுதினீர்கள்?” என்று நேராகக் கேட்டுவிட்டாள். மருத்துவர் சிரித்தார், பிறகு பொறுமையாகக் கதையை எடுத்துரைத்தார்.

அக்கதை சுவிட்சர்லாந்தில் தொடங்குகிறது. அங்கு ரோலண்ட் கூன் என்ற மனநோய் மருத்துவர், வேறொரு நோய்க்கென ஆக்கப்பட்ட இமிப்ரமின் என்னும் மருந்து, கடும் மனச்சோர்வு உற்றவர்களைத் தேற்றுவதைக் கண்டு, 1957ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். மூன்றே ஆண்டுகளில், 1960இல், பிரெஞ்சு மருத்துவர்கள் சிலர் அதே மருந்து நரம்பு வலியையும் தணிப்பதாக எழுதினார்கள். இமிப்ரமினின் உடன்பிறப்புப் போன்றதே அமிட்ரிப்டிலின். அக்கி வந்து ஆறிய பின்னும் மாதக்கணக்கில் நீங்காத எரிவலிக்கு அது பயன்படுவதாக 1965இல் ஒரு குறிப்பு வெளிவந்தது.

அப்போது ஓர் ஐயம் எழுந்தது. வலியால் வாடுபவன் மனம் தளர்ந்திருப்பான். மருந்து அவன் மனத்தைத் தேற்றுவதால், வலி குறைந்ததுபோல் தோன்றுகிறதா? அன்றி, வலியையே குறைக்கிறதா? இவ்வையத்தைத் தீர்க்க 1987ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மிட்செல் மாக்ஸ் என்பவரும் அவர்தம் கூட்டாளிகளும் நீரிழிவு நரம்பு வலியுடைய 29 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒவ்வொருவரும் ஆறு வாரம் உண்மை மருந்தையும், ஆறு வாரம் போலி மாத்திரையையும் உண்டனர். அந்தப் போலியும் சாதாரண மாவு மாத்திரை அன்று. உண்மை மருந்தைப் போலவே வாயை உலரச் செய்வது. வாய் உலர்வதைக் கொண்டு எது மருந்து, எது போலி என்று நோயாளி ஊகித்துவிடக் கூடாதல்லவா? முடிவு தெளிவாக இருந்தது. மனச்சோர்வு உடையவர்க்கும் வலி குறைந்தது. மனச்சோர்வு சிறிதும் இல்லாதவர்க்கும் அதே போலக் குறைந்தது. 1992இல் அதே குழுவினர் நடத்திய மற்றொரு சோதனையில், மனச்சோர்வுக்குப் புகழ்பெற்ற ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மருந்து, இவ்வலியில் போலி மாத்திரையைவிட மேலானதாக விளங்கவில்லை. மனத்தைத் தேற்றுவதுதான் காரணமென்றால், அதுவும் வலியைக் குறைத்திருக்க வேண்டுமன்றோ?

இதைக் கேட்டதும் என் மனத்திலிருந்த பாரம் பாதி இறங்கியது. மனச்சோர்வு வந்தாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை நான் அறியாதவன் அல்லேன். பிறருக்கு அறிவுரையாகச் சொல்லியும் இருக்கிறேன். ஆயினும் என் பெயரில் சீட்டு எழுதப்பட்டபோது, அவ்வறிவு எனக்குத் துணை வரவில்லை.

இம்மருந்து எவ்வாறு வேலை செய்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலிலிருந்து வரும் வலிச் செய்தி நேரே மூளைக்குப் போய்விடுவதில்லை. தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடந்தே செல்ல வேண்டும். மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் 1965இல் இவ்வாயிற் கொள்கையை வெளியிட்டார்கள். மூளையின் அடிப்பகுதியிலிருந்து கீழிறங்கி வரும் சில நரம்புகள் அவ்வாயிலில் காவலாளிகளைப் போல் நின்று, செய்தியை மட்டுப்படுத்துகின்றன. அக்காவலாளிகள் பயன்படுத்தும் இரசாயனப் பொருள்களில் முக்கியமானது நார்அட்ரினலின். வேலை முடிந்ததும் நரம்புகள் அப்பொருளைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அமிட்ரிப்டிலின் அவ்வாறு உறிஞ்சுவதைத் தடுக்கிறது, காவல் நீடிக்கிறது. அன்றியும், பழுதான நரம்பிழையில் தோன்றும் பொய்த் துடிப்புகளையும் அது ஓரளவு அடக்குகிறது. மனச்சோர்வுக்கு நாள் ஒன்றுக்கு 100, 150 மில்லிகிராம் வேண்டியிருக்கும். வலிக்கோ 10இல் தொடங்கி 25, 50, மிஞ்சினால் 75 போதும். ஆனால், விழுங்கிய அன்றே பயன் தெரியாது. ஒன்றிரண்டு வாரங்களில் தொடங்கும்; முழுப் பயனைக் காண ஆறு, எட்டு வாரங்கள் பொறுக்க வேண்டும். நான்கு நாளில் ‘ஒன்றும் பயனில்லை’ என்று எறிந்துவிடுபவர்கள் பலர் என்றார் மருத்துவர். கெட்ட நரம்பை இது சீர்செய்வதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எரிச்சல் தணியும், மரத்துப்போன உணர்ச்சி திரும்பாது.

கணக்கு வாத்தியார் ஆதலால், ஒரு குறிப்பேடு தொடங்கினேன். இடப்பக்கம் வலி, பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண். வலப்பக்கம் மருந்தின் தொல்லைகள். முதல் நாள் வலி எட்டு. பத்து மில்லிகிராமில் இரண்டு வாரம் கழித்து ஏழு. மருத்துவர் 25 ஆக உயர்த்தினார். ஆறாம் வாரம் நான்கு. ஓராண்டுக்குப் பின் முதன்முறையாக விடியும் வரை தொடர்ந்து உறங்கினேன். இம்மாத்திரை தூக்கத்தைத் தருவது. இரவில் உண்பதால் அதுவே ஒரு நன்மையும் ஆயிற்று.

வலப்பக்கமும் நிரம்பத் தொடங்கிற்று. வாய் உலர்ந்தது, பேசும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மலச்சிக்கல் கண்டது. காலை ஒன்பது மணி வரை தலை கனத்திருந்தது. உடலும் இரண்டு கிலோ கூடியது. இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றே தோன்றியது. வலி நான்கிலிருந்து இரண்டாகட்டுமே என்ற ஆசையால், நானே வற்புறுத்திக் கேட்டு, மருந்தை 50 ஆக உயர்த்திக்கொண்டேன்.

வலி மூன்றாயிற்று. ஆனால் ஒன்பதாம் நாள் இரவு சிறுநீர் கழிப்பதற்காகச் சட்டென்று எழுந்தேன், கண் இருண்டது, கதவுநிலையில் மோதி விழுந்தேன். புருவத்தின்மேல் நான்கு தையல். இம்மருந்து, படுத்தவர் எழும்போது இரத்த அழுத்தத்தைத் திடீரென்று தாழ்த்தக்கூடும். கால் உணர்ச்சியும் குறைந்து, வயதும் எழுபதை எட்டும் ஒருவனுக்கு இஃது எத்தகைய ஆபத்து என்று நான் சொல்ல வேண்டுவதில்லை. அன்றியும், சிறுநீர் இறங்குவதில் தடை கண்டது. எனக்குப் புராஸ்டேட் சுரப்பி வீக்கம் சிறிது உண்டு. மருந்து அத்தொல்லையை மிகுதியாக்கிவிட்டது.

தையல் போட்டுக்கொண்டு வந்த இரவு என் மனைவி என் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தாள். “இதில் உங்கள் வலிக்கு மதிப்பெண் இருக்கிறது, உங்கள் தொல்லைக்கு இருக்கிறது. நீங்கள் விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்தேனே, எனக்கு எந்தப் பக்கம்?” என்றாள். விடை சொல்லத் தெரியவில்லை. மறுநாள் மருத்துவரிடம் சென்றோம்.

அவர் அமிட்ரிப்டிலினைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தி, டுலாக்ஸெட்டின் என்ற மற்றொன்றைத் தொடங்கினார். இதுவும் மனச்சோர்வுக்குரிய மருந்தே. 2004ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மனச்சோர்வுக்கும், தனியே நீரிழிவு நரம்பு வலிக்கும் இதற்கு ஒப்புதல் அளித்தது. வாய் உலர்தல், சிறுநீர்த் தடை ஆகியவை இதில் குறைவு. ஆயினும், இதற்கும் வலப்பக்கம் உண்டு. 30 மில்லிகிராமில் தொடங்கி 60 ஆனபோது இரண்டு வாரம் குமட்டல்; உணவுக்குப்பின் உண்ணத் தொடங்கியதும் குறைந்தது. வியர்வை மிகுந்தது. இரத்த அழுத்தம் சிறிது ஏறியதால் அதற்குரிய மாத்திரையைக் கூட்ட வேண்டியதாயிற்று. ஈரல் நோயுடையவர்களும், மிகுதியாக மது அருந்துபவர்களும், சிறுநீரகம் பெரிதும் கெட்டவர்களும் இதனை உண்ணலாகாது. முதியோர்க்கு இரத்தத்தில் உப்புச் சத்தாகிய சோடியம் குறைந்து குழப்பம் வருவதும் உண்டு. நீரிழிவுக்காரர் பலருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருக்கும் ஆகையால், அச்சோதனை செய்யாமல் இம்மருந்தைத் தொடங்கக் கூடாது.

இதில் மற்றொரு பாடமும் கற்றேன். தஞ்சாவூரில் ஒரு திருமணத்திற்குச் சென்றபோது மாத்திரையை வீட்டிலேயே மறந்துவிட்டேன். மூன்று நாள்தானே என்று இருந்துவிட்டேன். இரண்டாம் நாளே தலை சுற்றியது. தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோல் அதிர்ந்தது. காரணமின்றிச் சினம் வந்தது. இம்மருந்துகள் மதுவைப் போல ஆசையை உண்டாக்கி அடிமையாக்குவன அல்ல; ஆயினும் உடல் அவற்றுக்குப் பழகிவிடுகிறது. ஆகவே, நிறுத்த விரும்பினால் மருத்துவர் சொன்னபடி வாரக்கணக்கில் குறைத்தே நிறுத்த வேண்டும்.

இனி, தராசைப் பிடிப்போம். இம்மருந்துகளால் எத்தனை பேருக்கு நன்மை? 2025ஆம் ஆண்டில் உலகெங்கும் நடந்த சோதனைகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். போலி மாத்திரையால் தேறுபவர்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், அமிட்ரிப்டிலின் வகையை ஏறக்குறைய ஐந்து பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு வலி பாதியளவு குறையும். டுலாக்ஸெட்டின் வகையில் ஏழெட்டுப் பேருக்கு ஒருவர். காக்காய் வலிப்புக்கு உரிய மருந்துகளாகிய கபாபென்டின், பிரிகாபலின் என்பவற்றில் ஒன்பது பேருக்கு ஒருவர். மருத்துவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், நோயாளி இக்கணக்கை அறிந்திருப்பது நல்லது. ஐவரில் நால்வருள் நாமும் ஒருவராக இருக்கக்கூடும். பயனில்லாத மருந்தை ஆண்டுக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பதைவிட, எட்டு வாரம் முறையாக உண்டு பார்த்து, பயனில்லையேல் மருத்துவரிடம் சொல்லி மாற்றுவதே அறிவுடைமை. இங்கிலாந்தில் 130 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2022இல் வெளிவந்த ஒரு சோதனையில், அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெட்டின், பிரிகாபலின் ஆகிய மூன்றில் எதில் தொடங்கினாலும் முடிவில் நன்மை ஏறக்குறைய ஒன்றே என்று கண்டார்கள். ஒன்று போதாதபோது மற்றொன்றைச் சேர்த்ததில் சிலருக்கு மேலும் வலி தணிந்தது. வேறுபாடு தொல்லைகளில்தான்: முதலாவதில் வாய் உலர்தல், இரண்டாவதில் குமட்டல், மூன்றாவதில் தலைசுற்றல். ஆகவே, ‘எது சிறந்த மருந்து?’ என்ற வினாவைக் காட்டிலும், ‘எந்தத் தொல்லையை என் உடல் தாங்கும்?’ என்ற வினாவே பயனுடையது.

அந்த வினாவை எழுப்பும்போது மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டியவை சில உள. இதயத் துடிப்பில் கோளாறு உண்டா, மாரடைப்பு வந்ததுண்டா என்று சொல்ல வேண்டும்; வயது முதிர்ந்தவர்க்கு அமிட்ரிப்டிலின் தொடங்குமுன் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது நல்லது. கண் நீர் அழுத்த நோய், சிறுநீர்த் தடை, முன்பு தடுமாறி விழுந்தது ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். உண்டுவரும் மருந்துகளின் பட்டியல் முழுவதையும் காட்ட வேண்டும். டிராமடால் என்னும் வலி மாத்திரையும், மனச்சோர்வுக்குரிய பிற மாத்திரைகளும் இவற்றோடு சேர்ந்தால் பெருந்தீங்கு விளையக்கூடும். முதல் சில வாரங்கள் வண்டி ஓட்டாதிருப்பது நலம். இளவயதினர்க்கு, இருபத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டோர்க்கு, இவ்வகை மருந்தைத் தொடங்கும் காலத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றுகிறதா என்று வீட்டார் கவனித்து வர வேண்டும். எவ்வயதினராயினும் அத்தகைய எண்ணம் எழுந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அமிட்ரிப்டிலின் அளவுக்கு மிஞ்சினால் இதயத்தை நிறுத்திவிடும் ஆற்றல் உடையது. ஆதலால், குழந்தைகள் உள்ள வீட்டில் அதைப் பூட்டி வைப்பது கட்டாயம். நான் முதலில் வெட்கத்தால் பூட்டினேன். இன்று பேரனை எண்ணிப் பூட்டுகிறேன்.

இவற்றோடு, மருந்து செய்ய மாட்டாத வேலைகளும் உண்டு. சர்க்கரையை அளவோடு வைத்திருப்பதும், இரவுதோறும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதும், வீட்டுக்குள்ளும் செருப்போடு நடப்பதும் நம் கையில் உள்ளவை. வலி குறைந்ததும் நோயே குறைந்தது என்று எண்ணிக் காலைக் கவனியாமல் விடுபவர்கள் உண்டு. வலி தணிந்த கால் நலமடைந்த கால் அன்று.

இன்று என் நிலை என்ன? டுலாக்ஸெட்டின் 60 மில்லிகிராம், காலையில் ஒன்று. வலி பெரும்பாலும் நான்கு, மழைநாளில் ஐந்து. மூன்று கிடைத்த நாளை நான் மறக்கவில்லை. ஆனால் அதனோடு நான்கு தையலும் கிடைத்தன. நான்கோடு என்னால் உறங்க முடிகிறது. எழுந்து நிற்க முடிகிறது. நாகேசுவரராவ் பூங்காவில் காலையில் நான்கு சுற்று நடக்க முடிகிறது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை மருத்துவரும் நானும் குறிப்பேட்டைப் பிரித்து, ‘இம்மருந்து இன்னும் வேண்டுமா?’ என்று கணக்குப் பார்க்கிறோம். அதில் இப்போது மூன்று பத்திகள் இருக்கின்றன. மூன்றாவது பத்தியை எழுதுபவள் என் மனைவி. நான் எத்தனை முறை தடுமாறினேன், எத்தனை முறை காரணமின்றிச் சினந்தேன், எத்தனை இரவு உறங்கினேன் என்று அவள் எழுதி வைப்பதை, என்னுடைய மதிப்பெண்ணைவிட மருத்துவர் அதிகமாக நம்புகிறார்.

சென்ற மாதம் அதே மருந்துக்கடையில் எனக்கு முன்னால் ஒரு முதிய அம்மையார் நின்றார். கடைக்காரர் மாத்திரையைக் காட்டி ஏதோ கேட்க, அவர் முகம் வாடி, “பக்கத்து வீட்டு அம்மாவுக்கு” என்று மெல்லச் சொன்னார். அவர் கால்களைப் பார்த்தேன். கனத்த காலுறை அணிந்திருந்தார். “அம்மா, எனக்கும் இதே மருந்து, கால் எரிச்சலுக்குத்தான். ஆறு வாரம் பொறுமையாகச் சாப்பிடுங்கள், இரவில் எழும்போது மட்டும் கட்டிலில் சற்று உட்கார்ந்து, பிறகு எழுந்திருங்கள்” என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “உங்களுக்கும் எரியுமா?” என்று கேட்டார்.

எரியும், அம்மா. ஆனால் இப்போது உறங்குகிறேன்.